காமனை ரோட்டுக்கு இறக்கிய நடைபாதை

2025 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். அடுப்பு, தேத்தண்ணி, சாமி விளக்கு என்று வழக்கமான ஒழுங்கில் வேலைகள் முடிந்தன. மலைப்பக்கம் வெளுத்திருந்தது, வெயில் வரும் போலிருந்தது. வாரத் துணி முழுவதையும் பைப்படிக்குக் கொண்டுபோய், புதிதாகக் கிடைத்திருந்த தட்டைக் கல்லில் துவைத்தேன். கணவர் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர். அவருடைய கால்சட்டைகளில் உள்ள கிறீஸ் சாதாரணமாகப் போகாது என்பதால் அவற்றை மட்டும் இரண்டு முறை அடித்தேன். பிறகு பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளைத் திருத்தினேன். அன்று மாலை எங்கள் ஊரில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுகிறார்கள் என்பதால் பகலுக்கு மரக்கறிச் சாப்பாடு.

இவ்வளவும் சரியாகச் செய்த ஒருத்திதான் அன்று மாலை ஊருக்கு முன்னால் தலைகுனிந்து நின்றாள்.

ஒழுங்கில்லாதவர்கள் செய்யும் பிழை சின்னதாக இருக்கும். பாதியிலேயே அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். என்னைப் போன்றவர்கள் பிழையையும் கடைசி வரை செய்து, நேர்கோடு பார்த்து, அதன்மேல் சாக்குப் போட்டு, தண்ணீரும் ஊற்றி வைப்போம்.

டிக்கோயாவிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பெரிய பாதையிலிருந்து பிரிந்து, தேயிலைக்கு நடுவே மேலே ஏறும் கிரவல் ரோடுதான் எங்கள் புது வீட்டுத் திட்டத்துக்கு ஒரே ரோடு. மண்சரிவுக்குப் பயந்து தோட்டத்துப் பழைய வரிசை வீடுகளான லயங்களை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டிய தனி வீடுகள் இவை. என் கணவர் குமாரின் குடும்பத்துக்கும் ஒரு வீடு கிடைத்தது. நான் ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் டிக்கோயா கடைவீதியில் வாடகைக்கு இருந்துவிட்டு, வீடு கிடைத்த பிறகுதான் இங்கே குடிவந்தேன். ஆகவே இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் அளந்து தெரிந்துகொண்டவை.

ரோட்டின் நடுவில் ஒரு வளைவு. அந்த வளைவில்தான் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். காலையில் தாய்மார் பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, பேர் கொடுக்கப் பிந்திவிடும் என்று ஓடுவார்கள். பள்ளிக்கூட வான்களும் ஆட்டோக்களும் முதல் மணிக்குப் பிந்திவிடும் என்று ஓடும். இரண்டு ஓட்டமும் அந்த வளைவில் சந்திக்கும்.

அப்படி ஒரு காலையில், கொழுந்து எடுக்கும் லெச்சுமியின் மகள் தர்ஷியை ஓர் ஆட்டோவின் பக்கக் கண்ணாடி தட்டிவிட்டது. காது மடல் கிழிந்து தையல் போட்டார்கள். கண்ணாடி இன்னும் ஒரு விரற்கடை உள்ளே வந்திருந்தால் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. தர்ஷி பல வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. அவளுடைய அப்பா சிவா, பிள்ளை பிறந்தால் மூன்று வருடம் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்ட பிறகு பிறந்த பிள்ளை. பழைய லயத்தில் ஒரு வருடமும், புது ஊரில் ஒரு வருடமும் கட்டி முடித்திருந்தான்.

அன்றிரவு நான் அளவுநாடாவை எடுத்தேன்.

நடைபாதைக்கு எவ்வளவு அகலம் வேண்டும்? முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் ஒரு பிள்ளை, கைப்பிடியில் இன்னொரு பிள்ளை, இவை மூன்றும் சேர்ந்த ஓர் அம்மா தடையில்லாமல் நடக்க வேண்டும். குமாருக்குக் கூடையை மாட்டி, இடுப்பில் தலையணையைக் கொடுத்து, ஹோலில் நடக்கவிட்டு அளந்தேன். ("இந்தக் கோலத்துல யாராச்சும் பாத்தா நாளைக்கு ஒருத்தன் வானுல ஏறமாட்டான்" என்று முணுமுணுத்தார். ஆனால் நடந்தார்.) லெச்சுமியையே கூப்பிட்டு அளந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது தோன்றவில்லை.

வேகத்துக்கும் கணக்குப் போட்டேன். வளைவில் திரும்பும் சாரதிக்குப் பிள்ளை கண்ணில் படும் தூரம், அதற்குள் வண்டி நிற்க வேண்டும் என்றால் எவ்வளவு வேகம் என்று போட்டுப் பார்த்ததில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று விடை வந்தது. விடையை மூன்று மொழியிலும் பலகையில் எழுதி ஊர் முகப்பில் நட்டோம். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக, சொந்தக் கணவரின் வானில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நானும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து, வேகம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஏற்றத்தில் வான் இருமியது. பின்னால் வந்த நாய் எங்களை முந்தியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தலையில் விறகுக்கட்டோடு வந்த ஒரு அம்மா ஜன்னல் பக்கம் எங்களோடு சேர்ந்து நடந்து, "என்னா குமாரு, வண்டி பழுதா? தள்ளிவிடவா?" என்று கேட்டார். பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, "டீச்சர் ஓட்டுறாங்க" என்றார்கள்.

மறுநாள் முதல் பலகை அங்கேயே நின்றது. வாகனங்கள் பழையபடி பறந்தன. குமாரும்தான்.

நடைபாதைக்காக ஊர்க் கூட்டம் போட்டேன். வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, குச்சியை வைத்து வகுப்பறையில் போல விளக்கினேன். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டேன். ஊரே ஒரே குரலில், "சரிங்க டீச்சர்" என்றது. துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகிய 'சரிங்க' அது. நான் அதை ஏகமனதான சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வரைபடத்தில் அந்த வளைவுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்று போட்டு, 'கல் ஒன்று, அகற்ற வேண்டும்' என்றுகூட எழுதியிருந்தேன். அவ்வளவு கவனம்.

பிரதேச சபை சீமெந்து தந்தது. மேல் பகுதியை ஊரார் சிரமதானத்தில் போட்டார்கள். அதிலேயே எனக்கு முதல் அடி விழுந்தது. கிரவல் ரோட்டில் குழியும் மேடுமாகக் குலுங்கிப் பழகிய ஆட்டோக்காரர்கள், பக்கத்தில் வழவழவென்று ஒரு பாதை இருப்பதைக் கண்டார்கள். இடது சக்கரத்தை மெதுவாக என் நடைபாதையில் ஏற்றினார்கள். பிள்ளைகள் சுலபமாக ஏற வேண்டும் என்று விளிம்பின் உயரத்தைக் குறைத்து வைத்ததும் நான்தான். நடப்பவர்களுக்காக நான் கட்டியது ஆட்டோக்களுக்கு நல்ல ரோடாகிவிட்டது. ஒரு சாரதி என் வாசலில் நிறுத்தி, மனதாரச் சொன்னான்: "டீச்சர், பெரிய உதவிங்க. கீழயும் சீக்கிரம் போட்டுருங்க."

கீழே, வளைவுப் பகுதியை, சபையின் வேலையாட்கள் வெள்ளிக்கிழமை காலையில் வந்து போட்டார்கள். அப்போது ஊரார் மலையில், நான் பள்ளிக்கூடத்தில். சீமெந்து ஒதுக்கீடு அத்தோடு முடிந்தது, இந்த வருடத்துக்கு இனி ஒரு பையும் கிடையாது என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் முதலிலேயே சொல்லியிருந்தார். மாலையில் நான் வந்து பார்த்து, கொங்கிரீட் காய்ந்து வெடிக்காமல் இருக்க அதன்மேல் சாக்குகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி விரித்து, தண்ணீர் ஊற்றினேன். சனிக்கிழமையும் ஊற்றினேன். ஞாயிறு காலையிலும் ஊற்றினேன்.

ஞாயிறு மாலை, வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரத்தில், தப்பு மேளச் சத்தம் மேல் வீடுகளிலிருந்து இறங்கி வந்தது. கரும்பும் ஆமணக்கும் மாங்கொப்பும் சேர்த்துக் கட்டி, வைக்கோல் பிரி சுற்றிய கம்பத்தைச் சிவா தோளில் தாங்கி வந்தான். ரதி வேஷக்காரன் என்பதால் நாட்கணக்காக விரதம், கன்னம் ஒட்டியிருந்தது. கூத்தைப் பழக்குகிற பழனியாண்டி மாஸ்டர் முன்னால் வந்தார். தொழிற்சாலையில் காவல் வேலை செய்பவர், சத்தம் போட்டுப் பேசாதவர். ஊர்வலத்தைப் பார்க்க நானும் குமாரும் வளைவுக்கு வந்து நின்றோம்.

தப்பு வளைவில் நின்றது. மாஸ்டர் குனிந்து என் சாக்குகளில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அதைத் திரும்ப அப்படியே விரித்தார். அடுத்ததைத் தூக்கினார். பிறகு அதற்கு அடுத்தது. கம்பம் தோளில், தப்பு இடுப்பில், ஊர் மொத்தமும் அவர் பின்னால் ஒவ்வோர் அடியாக நகர்ந்தது. விளிம்போடு விளிம்பு பொருத்தி அவர் ஒவ்வொரு சாக்கையும் மூடிய விதத்தைப் பார்த்து, எனக்கு அவர்மேல் மதிப்புக்கூட வந்தது.

"என்ன தேடுறீங்க மாஸ்டர்?"

"குழிங்க."

"என்ன குழி?"

"காமன் ஊண்டுற குழிங்க. போன வருசமும் இங்கதான ஊண்டுனோம். சீமெந்து போட்டப்ப டீச்சர் அதுக்குக் குழி விட்டிருப்பாங்கன்னு இருந்தோம்."

போன வருடம் அந்த நாட்களில் நான் விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போயிருந்தேன். அது எந்த இடம் என்று திரும்பி வந்தும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை முதல் அந்த வழியாக நடந்த அத்தனை பேரும் சாக்குகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. பயத்தால் இல்லை. கூடையையும் தலையணையையும் வைத்து அளந்தவள் சாமிக் குழியை மறந்திருப்பாள் என்று அவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த நம்பிக்கைக்கு முன்னால் நிற்பது, திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"குழி விடலங்க மாஸ்டர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "சரிங்க டீச்சர். அடையாளத்துக்கு ஒரு கல்லு வச்சிருந்தோம். மஞ்சப் பூசி. அது எங்கங்க?"

எங்கள் மழையில் மஞ்சள் எத்தனை நாளைக்கு நிற்கும்? நான் பார்த்தபோது அது வெறும் கல். வெறும் கல்கூட இல்லை, மிக நல்ல தட்டைக் கல். வியாழக்கிழமை அதைத் தோண்டி எடுத்து வானில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் குமார். இப்போது அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல இருக்குங்க."

"சாமி ரூம்புலயா?"

"பைப்படியில."

தப்புக்காரர்களில் ஒருவர் இருமினார். மாஸ்டர் காத்திருந்தார். சொல்லித்தான் ஆக வேண்டும். "துணி தொவைச்சேங்க."

"நல்லதுங்க" என்றார் மாஸ்டர். "கழுவுற வேலை மிச்சம்."

யாரோ சிரித்தார்கள். ஆனால் சிவா சிரிக்கவில்லை. கம்பத்தை இன்னும் தோளிலிருந்து இறக்காமல் நின்றான். நேர்த்தியின் மூன்றாவது வருடம், கடைசி வருடம். ஒரு முறை ஊன்றிய இடத்தை விட்டுவிட்டு வேறிடம் போனால் நேர்த்தி சேருமா என்று அவன் கேட்கவில்லை. அவன் முகம் கேட்டது. அவனுடைய தம்பி அதற்குள் சீமெந்தை உடைக்க அலவாங்கு ஒன்றைக் கொண்டுவந்துவிட்டான். மாஸ்டர் என்னைப் பார்த்தார். முடிவு என்னுடையது என்பதுபோல எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

உடைத்தால் அந்த இடம் மட்டும் உடையாது. பச்சைக் கொங்கிரீட், வெடிப்பு ஓடி வளைவு முழுவதும் போகும். திரும்பப் போடச் சீமெந்து இல்லை. அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் பழையபடி ரோட்டில், அதே வளைவில், அதே கண்ணாடிகளுக்குப் பக்கத்தில். இதை நான் கூடியிருந்தவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர்களுடைய சாமியின் கல்லில் கால்சட்டை துவைத்தவளுக்கு அப்போது வாயில் வந்தது ஒன்றுதான்.

"உடைச்சிருங்க" என்றேன்.

"ஒடைக்க வேணாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. லெச்சுமி. தர்ஷி இடுப்பில் இருந்தாள். காதில் தையல் தழும்பு இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. கூட்டத்தில் ஆண்கள் பேசும்போது அவள் பேசி நான் கேட்டதில்லை. என் ஊர்க் கூட்டத்தில் எல்லாரோடும் சேர்ந்து 'சரிங்க' சொன்னவள்தான். இப்போது புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள், ஊருக்கே கேட்கும்படி.

"இந்தப் புள்ளையக் குடுத்ததே அந்தச் சாமிதான? புள்ளைய ரோட்டுல எறக்கிவிட்டுட்டு ஏன் எடத்தக் குடுன்னு அது கேக்குமா? சாமிக்கு ரோட்டுல நிக்க என்னா பயம். எம் புள்ளைக்குத்தான் பயம். ரோட்டுலயே ஊண்டுங்க."

சிவா அவளைப் பார்த்தான். பிறகு பிள்ளையைப் பார்த்தான். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "ஊண்டலாமாங்க?" என்றான்.

மாஸ்டர் ரோட்டைப் பார்த்தார், சாக்குகளைப் பார்த்தார். கல்லை எங்கே வைக்கிறோமோ அதுதான் காமனுக்கு இடம், கொங்கிரீட் விளிம்பை ஒட்டி ரோட்டுக்குள் ஒரு முழம் தள்ளிக் கல்லை வைத்து ஊன்றலாம், குற்றமில்லை என்றார். பழைய லயத்தையே விட்டுவிட்டு நம்மோடு வந்த சாமி, ஒரு முழம் வராதா என்றும் சொன்னார். சிவா அப்போதுதான் கம்பத்தை மற்றத் தோளுக்கு மாற்றினான்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் கல்லைக் கொண்டுவர வேண்டுமே. சாமியின் கல்லைச் சும்மா தூக்கிவர முடியாது என்றார்கள். தப்பு மறுபடி முழங்கியது. ஊர்வலம் திரும்பி, நான் முன்னால் வழிகாட்ட, எங்கள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய் பைப்படியில் நின்றது. கல்லின் மேல் மறந்துபோன சவர்க்காரக் கட்டியும் குமாரின் ஒரு கால்சட்டையும் இருந்தன. கொடியில் எங்கள் வீட்டு வாரத் துணி முழுவதும், உள்ளாடைகள் உட்பட, அளவு வாரியாகக் காய்ந்துகொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்பவள் என்பது அன்று ஊருக்கே உறுதியானது. மாஸ்டர் கால்சட்டையை இரண்டு விரலால் எடுத்து, மடித்து, குமாரின் கையில் கொடுத்தார். கல்லுக்குச் சூடம் காட்டினார்கள். கொண்டுவந்தவரே சுமக்க வேண்டும் என்று கல்லைக் குமாரின் தோளில் ஏற்றினார்கள். ஒரு தோளில் காமன், மற்றத் தோளில் கால்சட்டை. அப்படியே வளைவு வரை நடந்தார்.

கம்பத்தை ஊன்றினார்கள். லெச்சுமி பிள்ளையோடு மூன்று முறை சுற்றி வந்தாள்.

கூட்டம் கலையும் முன்பே மேலிருந்து ஓர் ஆட்டோ வந்தது. வழக்கமான வேகம், வழக்கம்போல நடைபாதையில் ஏறி வருகிற வரவு. வளைவில் திரும்பியதும் முன்னால் கம்பம். சாரதி பிரேக் போட்டான். கம்பம் விளிம்பை அடைத்து நின்றதால் நடைபாதையில் தொடர வழியில்லை. ரோட்டில் மிச்சமிருந்த இடத்தில் மெதுவாகத்தான் போக முடியும். பாட்டை நிறுத்தினான், செருப்பைக் கழற்றினான், விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நடக்கிற ஆளின் வேகத்தில் கடந்து போனான். "டீச்சர், பெரிய உதவிங்க" என்று சொன்னவன்தான் அவன்.

கணக்குப் போட்டு, பலகை எழுதி, முன்சீட்டில் உட்கார்ந்து நான் கொண்டுவர முடியாத வேகத்தை, ரோட்டைக் குறுக்கிக்கொண்டு நின்ற ஒரு கம்பம் கொண்டுவந்தது. பக்தி பாதி, இடம் போதாதது பாதி. கூத்து முடிந்து காமனை எரித்த பிறகு பக்தி போய்விடும், இடமும் அகன்றுவிடும் என்று பயந்தேன். ஆனால் அடுத்த வருடத்துக்கு அடையாளம் வேண்டும் என்று அந்தக் கல்லைச் சுற்றி ஊரார் இடுப்பளவுக்குக் கல் அடுக்கிக் கட்டிவிட்டார்கள். இந்த முறை பெரிதாகவே கட்டினார்கள். டீச்சர் கண்ணில் படட்டும் என்று சொல்லிச் சொல்லிக் கட்டியதாகக் கேள்வி. உத்தியோகத்தர் வந்து பார்த்து, "மிஸ், இது பிளான்ல இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் நின்று வாகனங்கள் வளைந்து மெதுவாகப் போவதைக் கவனித்தார். பிறகு தன் படத்தில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலும் இப்படி ஒன்று வைக்க முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார். சாமி இல்லாமலும் வைக்கலாம் என்று நான் சிங்களத்திலேயே சொன்னேன்.

இன்று அந்த வளைவுக்கு 'டீச்சர் மொடக்கு' என்று பெயர். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் குமார் தேத்தண்ணி வருவதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். "நம்ம வீட்டம்மா சாமியையே ரோட்டுக்கு எறக்குனவங்க" என்று தொடங்குவார். கல்லை வானில் ஏற்றியது யார் என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுவார். அதை நான் சேர்ப்பேன். கல்யாண வீடுகளில் இருவரும் சேர்ந்தே சொல்லும்படி கேட்கிறார்கள்.

அதெல்லாம் பின்னால் நடந்தவை. மறுநாள், மார்ச் 3, திங்கட்கிழமை, காலையில் முதல் வேலையாக நான் லெச்சுமியின் வாசலுக்குப் போனேன். அளவுநாடா கொண்டுபோகவில்லை. பிள்ளையை நான் காம்பராவில் விடட்டுமா, எப்படிப் போவாள் என்று பார்க்க வேண்டும் என்றேன். லெச்சுமி சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "அவ இழுக்குற பக்கம் போங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லி, கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடினாள்.

தர்ஷி என் ஒரு விரலைப் பிடித்தாள். நடைபாதையில் ஏறினாள். இரண்டு அடி வைத்து ரோட்டில் குதித்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி குதித்தாள். அந்த விளிம்பு அவளுக்காகத்தான் கட்டப்பட்டது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எதற்காக என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. வளைவு வந்ததும் ஈரச் சாக்குகளின் மேல் நின்று, தண்ணீர் பிதுங்குகிறதா என்று ஒவ்வொன்றையும் மிதித்துப் பார்த்தாள். எதையும் விடவில்லை. காமனைக் கும்பிட்டாள். என்னையும் கும்பிடச் சொன்னாள்.

பின்னால் ஒரு வான் இஞ்சின் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஜன்னல் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலைகள். ஸ்டியரிங்கில் குமார். தர்ஷி மறுபடி ரோட்டில் குதித்தாள். வான் முதல் கியரில், ஹார்ன் அடிக்காமல், காம்பரா வாசல் வரை எங்கள் பின்னாலேயே வந்தது.